மறு: இன்டேக் ஏர் டெம்பரேச்சர் சென்சார் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கார் பழுதுநீக்கக் கையேட்டுக்காகக் கேட்கப்பட்ட சொல்லுக்கு இதுவரை மூன்று முன்மொழிவுகள் வந்திருக்கின்றன: உள்ளிழுப்புக் காற்று வெப்பநிலை உணரி, உட்காற்று வெப்பமானி, சுவாசக்காற்று உணரி. மூன்றிலும் உழைப்பு தெரிகிறது. ஆனால் இந்தச் சொல் புழங்கப்போவது பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் மல்டிமீட்டரும் மறு கையில் கையேடுமாக நிற்பவரிடம். அதனால் சொற்களை வரிசைப்படுத்தி ஒப்பிடுவதை விட்டுவிட்டு, அவற்றை வைத்துப் பழுது பார்க்கும் முறையையே எழுதிப் பார்த்தேன். எழுத எழுத, எது நிற்கும் எது நிற்காது என்பது தெளிவாகிவிட்டது.

முதலில் பொருள் என்ன என்பதைப் பார்ப்போம். எஞ்சினுக்குள் போகும் காற்றின் எடையை அறிந்தால்தான் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று எஞ்சினை இயக்கும் கணினி முடிவு செய்ய முடியும். பல கார்களில் அந்த எடையை நேராக அளப்பதில்லை. எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் உட்குழாயின் அழுத்தத்தையும் காற்றின் வெப்பநிலையையும் எஞ்சின் வேகத்தையும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அந்தக் கணக்குக்கு வெப்பநிலையைத் தருவதுதான் நாம் பெயர் தேடும் இந்தச் சிறு பாகம். உள்ளே இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும்.

இதிலிருந்தே ‘வெப்பமானி’ விழுந்துவிடுகிறது. வெப்பமானி அளவைத் தானே காட்டும் கருவி. இது எதையும் காட்டாது. மின்தடையை மாற்றிக்கொள்வதோடு இதன் வேலை முடிந்தது, வெப்பநிலையாகப் படிப்பது கணினி. ‘உணரி’ சரியான சொல், பாடநூல்களிலும் ஊன்றிவிட்டது. அதில் இனிக் கைவைக்க வேண்டாம்.

‘உட்காற்று’ என்பதற்கு எனக்கு வலுவான மறுப்பு உண்டு. தானியங்கி ஏசி உள்ள கார்களில் பயணிகள் இருக்கும் இடத்தின் வெப்பநிலையை அளக்கத் தனி உணரி இருக்கிறது. உட்காற்று என்றதும் யாருக்கும் அதுதான் நினைவுக்கு வரும். முன் பம்பர் பக்கம் வெளிக்காற்றை அளக்க இன்னொன்று இருக்கும். டேஷ்போர்டில் வெளி வெப்பநிலை என்று தெரிவது அதன் அளவு. ஆக ஒரே காரில் காற்றின் வெப்பநிலையை அளக்கும் உணரிகள் மூன்று. பெயர் மங்கலாக இருந்தால் கடையில் தவறான பாகத்தைத்தான் வாங்கி வருவோம்.

‘சுவாசக்காற்று’ கேட்க அழகு. ஆனால் மருத்துவமனையில் வேலை செய்யும் ஒருவர் இந்தச் சொல்லைப் பார்த்தால் வேறொரு கருவியைத் தேடுவார். அதோடு அதில் வெப்பநிலை என்ற சொல்லே இல்லை. காற்றின் பாய்வை அளக்கும் உணரி, உட்குழாய் அழுத்தத்தை அளக்கும் உணரி என்று இதே பாதையில் வேறு உணரிகளும் இருக்கின்றன. எதை அளக்கிறது என்பது பெயரில் இருந்தே ஆக வேண்டும்.

மிஞ்சுவது ‘உள்ளிழுப்புக் காற்று வெப்பநிலை உணரி’. பொருளில் குறையில்லை. ஆனால் ஒரு பக்கத்தில் பத்து இடத்தில் எழுதிப் பாருங்கள், கை வலிக்கும். டர்போ எஞ்சின் என்று வந்தால் பொருளிலும் இடறுகிறது. அங்கே காற்று இழுக்கப்படுவதில்லை, தள்ளப்படுகிறது.

என் முன்மொழிவு: புகுகாற்று வெப்பநிலை உணரி.

படுகதிர், விடுகதிர் என்று இயற்பியலில் சொல்கிறோமே, அதே அமைப்பு. வினைத்தொகை என்பதால் இடையில் வல்லினம் மிகாது. ‘புகுக்காற்று’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம். காற்று இழுக்கப்பட்டாலும் தள்ளப்பட்டாலும் எஞ்சினுக்குள் புகுகிறது, ஆகவே டர்போவுக்கும் பொருந்தும். ‘வெப்ப உணரி’ என்று சுருக்கலாமா என்று ஒரு கேள்வி வரும். வேண்டாம் என்பேன். வெப்பமும் வெப்பநிலையும் வேறு என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டுக் கையேட்டில் அதைக் குழப்புவது நியாயமில்லை.

சரி, இப்போது இந்தச் சொல்லை வைத்துப் பழுதுநீக்கும் பகுதியை எழுதிப் பார்க்கிறேன். குறை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.

புகுகாற்று வெப்பநிலை உணரி பெரும்பாலும் காற்று வடிகட்டிப் பெட்டியிலோ, அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயிலோ செருகப்பட்டிருக்கும். சில கார்களில் காற்றுப் பாய்வு உணரியோடு சேர்ந்தே வரும், சிலவற்றில் உட்குழாய் அழுத்த உணரியோடு. தனி உணரி என்றால் இரண்டே ஒயர். கணினி 5 வோல்ட்டை உள்ளேயிருக்கும் ஒரு மின்தடை வழியாக அனுப்புகிறது. உணரியின் தடை எவ்வளவோ அதற்கேற்ப ஒயரில் மின்னழுத்தம் நிற்கிறது. குளிர்ந்தால் தடை கூடும், மின்னழுத்தமும் கூடும். சூடானால் இரண்டும் குறையும்.

இந்த ஒரு வரியை நாம் மொழிபெயர்ப்பில் கெடுத்துவிடக் கூடாது. கணினி பதிவு செய்யும் பழுதுக் குறியீடுகளில் பி0112 என்பதை ஆங்கிலத்தில் ‘லோ இன்புட்’ என்றும் பி0113 என்பதை ‘ஹை இன்புட்’ என்றும் எழுதுகிறார்கள். இதைத் ‘தாழ்நிலை’, ‘உயர்நிலை’ என்று மட்டும் தமிழில் போட்டால், வெப்பநிலை தாழ்ந்திருக்கிறது, உயர்ந்திருக்கிறது என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். உண்மை நேர்மாறு. பி0112 வந்தால் மின்னழுத்தம் தாழ்ந்திருக்கிறது. கணினியின் கண்ணுக்குக் காற்று கொதிக்கிறது. ஒயர் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கலாம். பி0113 வந்தால் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கிறது. கணினிக்குக் காற்று உறைபனியாகத் தெரிகிறது. சுற்று எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது. எனவே ‘மின்னழுத்தத் தாழ்வு’, ‘மின்னழுத்த உயர்வு’ என்று முழுதாக எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீளம் போனால் போகட்டும். கையேட்டில் இந்த ஓரிடத்தில் சோம்பினால் பழுது பார்ப்பவர் அறுந்த ஒயரைத் தேட வேண்டிய இடத்தில் ஷார்ட்டைத் தேடிக்கொண்டிருப்பார்.

கணினியின் அளவுகளைப் படிக்கும் கருவியான ஸ்கேனரில் −40 என்று தெரிவதைப் பற்றியும் விளக்கம் வேண்டும். கணினி ஸ்கேனரோடு பேசும் ஓபிடி முறையில் இந்த வெப்பநிலை ஒரே பைட்டில் வருகிறது: 0 முதல் 255 வரை ஓர் எண், அதிலிருந்து 40 கழித்தால் செல்சியஸ். ஆகக் கீழ் எல்லை −40, மேல் எல்லை 215. மதுரையில் சித்திரை மாதத்தில் −40 டிகிரி தெரிந்தால் அது அளவே இல்லை, சுற்று அறுந்திருக்கிறது என்ற செய்தி. கணினி அதை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். 30 டிகிரி என்பது 303 கெல்வின். −40 என்பது 233 கெல்வின். 303-ஐ 233-ஆல் வகுத்தால் 1.3. இல்லாத காற்றை 30 விழுக்காடு கூடுதலாக இருப்பதாக எண்ணி அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் தெளிக்கும். கரும்புகை, ஸ்பார்க் பிளக்கில் கரி பிடிப்பது, ஐடிலில் தடுமாறுவது, மைலேஜ் குறைவது எல்லாம் அங்கிருந்து வருபவை. சூடு ஏறியபின் ஆக்சிஜன் உணரி ஓரளவு திருத்தும். ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது அந்தத் திருத்தமும் கிடையாது.

நல்லவேளையாக, இப்படி அப்பட்டமாகத் தவறான அளவு வந்தால் பல கார்களில் கணினி அதைத் தள்ளிவிட்டு, தன்னிடம் வைத்திருக்கும் ஒரு மாற்று மதிப்பைக் கொண்டு ஓட்டும். எஞ்சின் விளக்கை எரியவிடும். சில கார்களில் ஸ்கேனரிலும் அந்த மாற்று மதிப்பே தெரியும். அதனால் திரையில் நல்ல எண் தெரிகிறது என்பதற்காகக் குறியீட்டை அலட்சியம் செய்யக் கூடாது.

உண்மையில் தொல்லை தருவது நடுவில் நிற்கும் பொய். காற்று 32 டிகிரியாக இருக்க உணரி 5 டிகிரி என்றால் கணினி உடனே சந்தேகப்படாது. விளக்கும் எரியாமல் போகலாம். இதற்கான குறியீடு பி0111. இதை ‘பொருந்தா மதிப்பு’ என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் மற்ற அளவுகளோடு பொருந்தவில்லை. கண்டுபிடிக்க எளிய வழி, இரவு முழுதும் நின்ற காரை அதிகாலையில் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரில் பார்ப்பது. அந்த நேரத்தில் புகுகாற்று வெப்பநிலை, குளிர்வி நீரின் வெப்பநிலை, வெளிக்காற்றின் வெப்பநிலை மூன்றும் சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு ஒத்துப்போய் ஒன்று மட்டும் விலகி நின்றால் குற்றவாளி அதுதான். மதியம் இந்தச் சோதனை செல்லாது. நெரிசலில் நின்ற காரில் புகுகாற்று 60 டிகிரியைத் தாண்டுவதுண்டு, அது பழுது அன்று. சாலையில் வேகமெடுத்ததும் அளவு இறங்க வேண்டும்; இறங்காமல் அங்கேயே நின்றால் மட்டும் கவலைப்படலாம்.

அப்புறம், உணரியா ஒயரா என்று பிரித்தறிவது. ஸ்கேனரில் மாற்று மதிப்பைக் காட்டாத காராக இருந்தால், கனெக்டரைக் கழற்றியதும் அளவு −40-க்கு ஓட வேண்டும். ஒயர் பக்கத்துக் கனெக்டரின் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் அளவு நூறைத் தாண்டி மேல் கோடிக்கு ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் ஒயரும் கணினியும் நலம், குறை உணரியில். நடக்காவிட்டால் உணரியை மாற்றிப் பயனில்லை. இந்த இடத்தில் கையேட்டில் ஓர் எச்சரிக்கை கட்டாயம்: இது இரண்டு ஒயர் உள்ள தனி உணரிக்கான சோதனை. நான்கு, ஐந்து ஒயர் உள்ள கூட்டு உணரியில் எது எது என்று வரைபடம் பார்க்காமல் இணைத்தால் மின்வழங்கலையே ஷார்ட் செய்துவிடுவோம்.

உணரியைத் தனியே மல்டிமீட்டரில் அளக்கலாம். பாஷ் (Bosch) நிறுவன வகை உணரிகள் பலவற்றில் 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 40 டிகிரியில் சுமார் 1.2 கிலோ ஓம், 80 டிகிரியில் 0.3-ஐ ஒட்டி இருக்கும். வேறு நிறுவனங்களின் உணரிகளில் இந்த எண்கள் மாறும், அதனால் அந்தக் காருக்கான அட்டவணையை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஹேர் டிரையரால் மெல்லச் சூடேற்றும்போது எண் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இடையில் தாவினாலோ அசையாமல் நின்றாலோ மாற்ற வேண்டியதுதான்.

ஆனால் நம் ஊரில் உணரி கெடுவதைவிட அதைச் சுற்றியுள்ளவை கெடுவதுதான் அதிகம் என்பது என் எண்ணம். எலி கடித்த ஒயர், மழைநீர் புகுந்து பச்சை பூத்த கனெக்டர், வடிகட்டி மாற்றியபின் திரும்பச் செருகாமல் விட்ட பிளக். எஞ்சினை ஓடவிட்டு ஒயரை மெல்ல அசைத்துக்கொண்டே திரையைப் பார்த்தால் பாதி உண்மை அங்கேயே வெளிப்படும். முனையில் எண்ணெய்ப் படலம் பிடித்திருந்தால் உணரி மந்தமாகிவிடும். மின்னணுப் பாகங்களுக்கான கிளீனர் ஸ்பிரே அடித்துத் தானாக உலர விட்டால் போதும். பெட்ரோலும் கார்புரேட்டர் கிளீனரும் ஆகாது, துணியால் துடைக்கவும் கூடாது. முனையில் இருக்கும் மணி போன்ற அந்தத் தெர்மிஸ்டர் மிக நுண்ணியது. திரும்பப் பொருத்தும்போது ரப்பர் வளையம் கிழியாமல் உட்கார வேண்டும். இல்லையென்றால் கணக்கில் வராத காற்று அந்த வழியாகப் புகுந்து வேறொரு குறியீட்டைக் கொண்டுவரும்.

இவ்வளவும் எழுதியபோது ‘புகுகாற்று’ எங்கும் இடறவில்லை. புகுகாற்று வெப்பநிலை, புகுகாற்றுக் குழாய், புகுகாற்று அழுத்தம் என்று குடும்பமாகவும் வளர்கிறது. பட்டறையில் இன்டேக் ஏர் டெம்பரேச்சர் என்பதைச் சுருக்கி ‘ஐஏடி சென்சார்’ என்பதுதான் வழக்கு, அது தொடரட்டும். கையேட்டின் முதல் பக்கத்தில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டால் யாருக்கும் தடுமாற்றம் வராது. ‘புகுகாற்று உணரி’ என்ற சுருக்கத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பாய்வு உணரியோடு குழம்பும்.

தீராத ஒன்று இருக்கிறது. டர்போ கார்களில் டர்போவுக்கு முன்னால் ஓர் உணரியும், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி இன்னொன்றும் இருப்பதுண்டு. இரண்டையும் புகுகாற்று என்றால் எதைக் கழற்றுவது என்று தெரியாது. இரண்டாவதற்குச் ‘செறிகாற்று வெப்பநிலை உணரி’ என்று யோசித்திருக்கிறேன். அழுத்திச் செறிவாக்கிய காற்று என்ற பொருளில். ‘அழுத்துகாற்று’ என்பதும் மனத்தில் வந்தது, ஆனால் அது பஞ்சர் கடைக் கம்ப்ரசரை நினைவூட்டுகிறது. டர்போ டீசல்களில் தினமும் கைவைக்கும் நண்பர்கள் இந்த இரண்டில் எது பொருந்தும், அல்லது வேறு ஏதேனும் உண்டா என்று எழுதினால், கையேட்டின் அந்தப் பகுதியையும் இதேபோல எழுதிப் பார்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்.