456 பாயிண்டும் பிரெஞ்சு வகுப்பும்

கனடாவில் படித்துவிட்டு அங்கேயே தங்கிவிடலாம் என்று கிளம்புகிறவர்களுக்காக என் கணக்கை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

2021 செப்டம்பரில், 28 வயதில், ஒண்டாரியோவில் இரண்டு வருட டிப்ளமோ சேர்ந்தேன். "படிங்க, மூணு வருஷம் வொர்க் பெர்மிட், ஒரு வருஷம் வேலை, அப்புறம் பிஆர்" என்றார் ஏஜென்ட். பிஆர் என்றால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற முறையில் வயது, படிப்பு, மொழி, வேலைக்குப் பாயிண்ட் போட்டு, அவ்வப்போது டிரா நடத்தி, கட்-ஆஃப் எட்டியவர்களை அதற்கு விண்ணப்பிக்க அழைப்பார்கள். ஏஜென்ட் முழுப் பொய் சொல்லவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 13ஆம் தேதி டிராவில் கட்-ஆஃப் வெறும் 75. ஒரே நாளில் 27,332 பேரை அழைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த தைரியத்தில்தான் கல்விக் கடனில் கையெழுத்துப் போட்டேன். கோவிட் காலத்தில், ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்காகத் திறந்த கதவு அது என்று அப்போது உறைக்கவில்லை. நான் போய் இறங்கிய மாதத்துக்குப் பிறகு 2022 ஜூலை வரை எங்களைப் போன்றவர்களுக்கு டிராவே நடக்கவில்லை.

படிக்கும்போது ஒரு கிடங்கில் பகுதிநேர வேலை. கனடா அனுபவம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து இரவு ஷிப்டை எல்லாம் சந்தோஷமாக எடுத்தேன். முழுநேர மாணவராக இருந்தபோது செய்த வேலை இந்தக் கணக்கில் சேராது. சேர்ந்தாலும் பெட்டி தூக்குகிற வேலை சேராது. கனடா அரசு வேலைகளைத் தரம் பிரிக்கும் 'டீர்' பட்டியலில் 0 முதல் 3 வரையில் வருகிற வேலையாக இருக்க வேண்டும். இது யாரும் மறைத்து வைத்த ரகசியமில்லை. நான்தான் படிக்கவில்லை.

2023 ஜூலையில் ஓர் அலுவலகத்தில் சம்பளக் கணக்கு பார்க்கும் வேலை கிடைத்தது. சரியாக ஒரு வருடம் முடிந்ததும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி புரொஃபைல் திறந்தேன். கல்லூரிக்காக எழுதிய ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் அகடமிக் வகை இதற்கு ஆகாது, ஜெனரல்தான் வேண்டும். அதில் லிசனிங் 7.5 வந்தது. 8 வந்தால் 8 பாயிண்ட் கூடும் என்பதால் மறுபடி பணம் கட்டி எழுதி வாங்கினேன். கடைசியில் வயதுக்கு 99, படிப்புக்கு 128, ஆங்கிலத்துக்கு 124, ஒரு வருட வேலைக்கு 40, கனடாவில் படித்ததற்கு 15, இவை ஒன்றோடொன்று சேர்ந்ததற்கு 50. மொத்தம் 456. அந்த ஆண்டு கனடா அனுபவத்துக்கான டிராவில் கட்-ஆஃப் இறங்கிய அடிமட்டமே 507. 29 வயதுக்கு மேல் ஒவ்வொரு பிறந்தநாளும் ஐந்தாறு பாயிண்ட்டைக் கழித்துவிடும் என்பதால் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னவர்கள் மேல் எரிச்சல்தான் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் அறைத்தோழிக்கு ஒருவர் எல்எம்ஐஏ, அதாவது அந்த வேலைக்கு வெளிநாட்டவரை எடுக்கலாம் என்று முதலாளிக்கு அரசு தரும் சான்று, வாங்கித் தருவதாகப் பேரம் பேசினார். அது இருந்தால் வேலை உத்தரவாதத்துக்கு 50 பாயிண்ட். அதை விலைக்கு விற்பது சட்டவிரோதம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் இரண்டு ராத்திரி யோசித்தேன். 456 கூட 50 எவ்வளவு என்று பேப்பரில் போட்டுப் பார்த்தேன்: 506. ஒரு பாயிண்ட் இடித்தது! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அவள் பாதிப் பணம் கொடுத்தாள். 2025 மார்ச் 25 முதல் வேலை உத்தரவாதத்துக்கான பாயிண்ட்டையே அரசு எடுத்துவிட்டது. பணம் வாங்கியவர் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. புகார் கொடுத்தால் தானும் மாட்டுவோம் என்று அவள் வாயைத் திறக்கவில்லை.

நான் பிரெஞ்சில் விழுந்தேன். 2024 பிப்ரவரி 29ஆம் தேதி பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான டிராவில் கட்-ஆஃப் 336 என்று பார்த்ததுதான் காரணம், மொழிப் பற்று எல்லாம் ஒன்றுமில்லை. வேலைக்குப் போகும் முன் காலை ஒரு மணி நேரம், திரும்பி வந்து இரண்டு மணி நேரம், பதினோரு மாதம். முதல் முறை எழுதியபோது கேட்கும் பகுதியில் கவிழ்ந்தேன். இரண்டாம் முறை நான்கு பகுதியிலும் கனடாவின் மொழி அளவுகோலில் நிலை 7 வந்தது. அதனால் 62 கூடியது, இரண்டாம் வருட வேலைக்கு 13 கூடியது, வயதுக்கு 5 போனது. 526. அழைப்பு வந்து, கொடுத்த 60 நாளுக்குள் எல்லாம் ஏற்றிவிட்டேன். கோப்பு இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் உங்களுக்கும் ஒரு படி கீழே. செலவு குறையுமே என்று ஒரு வருடப் படிப்பு எடுத்தேன். பெர்மிட்டும் ஒரு வருடம்தான் வந்தது. அதில் நான்கு மாதம் வேலை தேடுவதிலேயே போய்விட்டது. இன்னொரு படிப்பு சேர்ந்தால் இன்னொரு பெர்மிட் கிடைக்கும் என்று மறுபடி ஃபீஸ் கட்டினேன். படிப்புக்குப் பின்னான அந்தப் பெர்மிட் வாழ்நாளில் ஒரே முறைதான் என்பது சேர்ந்த பிறகு தெரிந்தது. போன வருடம் திரும்பி வந்துவிட்டேன். வெளியே இருந்துகொண்டு பிரெஞ்சு வழியில் முயற்சி செய்ய முடியுமா?

*

முடியும் தம்பி. அதற்குக் கனடாவுக்குள் இருக்க வேண்டும் என்று இல்லை. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வெளிநாட்டு வேலை அனுபவத்தையும் ஏற்கும் ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவுக்குக் கடைசி பத்து வருடத்தில் இடைவெளி இல்லாமல் ஒரு வருடத் தகுதியான வேலை, 100க்கு 67 தகுதிப் பாயிண்ட் (இது என் 456 மாதிரி இல்லை, தனிக் கணக்கு), கையிருப்புப் பணத்துக்கு ஆதாரம், இந்த மூன்றும் வேண்டும். இப்போது பார்க்கிற வேலைக்கு, என்னென்ன வேலை செய்கிறீர்கள் என்று எழுதிய கடிதம் கேட்டு வாங்கி வையுங்கள். வேலையை விட்ட பிறகு தர மாட்டார்கள். பிரெஞ்சில் இலக்கணப் புத்தகத்தோடு உட்காராமல் முதல் நாளிலிருந்தே காதுக்கு வேலை கொடுங்கள். நான் ஒரு தேர்வுக் கட்டணத்தை அங்கேதான் விட்டேன்.