கடை அலமாரியில் அடங்காத புத்தகம்

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்த புதிதில், ஜப்பானிய மொழி ஆசிரியை ஒருநாள் பாடப்புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, நான்கு கட்டச் சித்திரக்கதை ஒன்றின் நகலைக் கொடுத்தார். விநோதமான கொண்டையோடு ஒரு பெண், பெயர் சசாயே. வசனம் பாதி புரியவில்லை, ஆனாலும் சிரித்துவிட்டேன். வரைந்தவர் மாச்சிகோ ஹசேகாவா என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, டோக்கியோவில் அவர் வாழ்ந்த சகுராஷின்மாச்சி பகுதிக்கு ரயில் ஏறினேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் தெருவிலேயே சசாயே குடும்பத்தின் சிலைகள். கொஞ்சம் நடந்தால் ஹசேகாவா பெயரில் கலைக்கூடம், எதிரே 2020-இல் திறந்த நினைவகம்.

ஹசேகாவா 1920-இல் பிறந்தவர். பதின்வயதிலேயே, அப்போது கொடிகட்டிப் பறந்த சித்திரக்கதை ஓவியர் சுய்ஹோ தகாவாவிடம் தொழில் கற்றார். போர் முடிந்து 1946 ஏப்ரலில், தெற்கு ஜப்பானின் ஃபுகுவோகா நகர மாலைப் பத்திரிகை ஒன்றில் சசாயே பிறந்தாள். அங்கே கடற்கரையில் நடந்தபோது தோன்றிய பெயர்களாம்: சசாயே ஒரு கடல் நத்தை, தம்பி கட்சுவோ சூரை மீன், தங்கை வகாமே கடற்பாசி. கேட்டதும் அவ்வளவு பிடித்துப்போனது எனக்கு.

ஆனால் என்னை அசைத்தது பதிப்பக் கதைதான். ஹசேகாவாவும் அவர் அக்கா மரிகோவும் தங்கை யோகோவும் சேர்ந்து தாங்களே 'ஷிமாய்ஷா' என்று ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள். பெயருக்கு அர்த்தமே சகோதரிகள் நிறுவனம். சசாயே கதைகளின் முதல் தொகுதி 20,000 பிரதிகள். அகலவாட்டில் பெரிதாக அச்சிட்டதால் கடை அலமாரிகளில் அடங்கவில்லை. கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தது. காகிதம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது. வேறு யாராக இருந்தாலும் கடையைக் கட்டியிருப்பார்கள். இவர்கள் இரண்டாம் தொகுதியைச் சின்ன அளவில் போட்டார்கள், விற்றது. அப்புறம் முதல் தொகுதியையும் அதே அளவில் மறுபடி அச்சிட்டார்கள். இப்படியே 68 தொகுதிகள்! வரைந்தவரும் பெண், விற்றவர்களும் பெண்கள். ஜப்பானில் அன்றைக்கு அது எவ்வளவு பெரிய காரியம்.

1951 முதல் அசாஹி நாளிதழின் காலைப் பதிப்பில் சசாயே வந்தாள், 1974 வரை. 1969-இல் தொடங்கிய அனிமேஷன் இன்றும் ஞாயிறு மாலை 6.30-க்கு ஓடுகிறது. நான் தவறவிடுவதில்லை.

பழைய புத்தகக் கடைகளில் ஷிமாய்ஷா பிரதி கண்ணில் பட்டால் வாங்கிவிடுவேன். பதினொன்று சேர்ந்திருக்கிறது. அந்தப் பெரிய அளவு முதல் தொகுதி மட்டும் இன்னும் அகப்படவில்லை.