குளக்கரை விளக்குக்கு நான் பணம் தரமாட்டேன்

அண்ணாச்சிக்கும் சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டத்தில் பறவைகளுக்குப் பேர்போன நம் கூந்தன்குளம் கரையில் அலங்கார வளைவு கட்டவும் அதன் பக்கத்தில் உயர்கோபுர மின்விளக்கு நிறுத்தவும் குடும்பத்துக்கு 15,000 ரூபாய் கேட்டிருக்கிறீர்கள். குவைத்திலிருந்தும் சார்ஜாவிலிருந்தும் ஆளாளுக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சம்மதம் இல்லை. ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பொங்கல் கழிந்து தம்பி ஊருக்குப் போய் வந்தான். வந்த அன்றே எனக்குப் போன் செய்தான். தெற்குத் தெருவில் புளியமரம் இல்லை. அதற்கு எதிர் வீட்டில் வேம்பு இல்லை. இரண்டு இடத்திலும் கார் நிறுத்தச் சிமெண்டுத் தளம் போட்டிருக்கிறார்கள். குச்சியைக் கவ்விக்கொண்டு வந்த மஞ்சள்மூக்கு நாரைகள் அந்தப் பழைய இடத்துக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தனவாம். குளத்துக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் கூழைக்கடாவும் நாரையும் கிளைக்குக் கிளை நெருக்கியடித்துக் கூடு கட்டியிருக்கின்றன. இதைப் பற்றி இந்தக் குழுவில் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. வளைவுக்கு என்ன நிறம் பூசுவது என்று மட்டும் பத்துப் பதினைந்து கடிதங்கள் வந்திருக்கின்றன.

சிங்கப்பூர் அத்தான் எழுதியது மனதில் தைத்தது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த ஊருக்கு ஒரு வளைவுகூட இல்லை என்று வெளியூர்க்காரர்கள் முன்னால் அவருக்கு வெட்கமாக இருக்கிறதாம். அத்தான், 2022 ஆகஸ்டில் வேடந்தாங்கலோடும் வெள்ளோட்டோடும் நம் குளத்தின் பெயரும் அறிவிக்கப்பட்டபோது நானும்தான் அழுதேன். ஆனால் அந்தப் பெருமை எதற்காக வந்தது? 1994இல் அரசாங்கம் சரணாலயம் என்று அறிவிப்பதற்கு முன்பே நம் ஊரார் இந்தப் பறவைகளைக் காத்து வந்தார்கள். கொல்லைப்புற மரத்தில் கூடு கட்டினால் விரட்ட மாட்டார்கள். கொடியில் காயும் துணியெல்லாம் எச்சமாகும், ஆச்சி முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் அலசிப் போடுவாள், ஆனால் யாரையும் ஒரு கல்லெடுக்க விடமாட்டாள். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு உரம் வேண்டாம் என்பார் தாத்தா. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வேட்டு கிடையாது. தீபாவளிக்கு வெடி வேண்டும் என்று அடம்பிடித்தால் மூலைக்கரைப்பட்டிச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். ஊருக்குள் வெடிச் சத்தமே கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் நாம். அந்த ஊரில், குளக்கரையிலேயே, இரவெல்லாம் பகல்போல் வெளிச்சம் அடிக்கிற விளக்கை நிறுத்த நாமே பணம் சேர்க்கிறோம்.

விளக்கால் என்ன கெடுதல் என்று மஸ்கட் சித்தப்பா கேட்டிருந்தீர்கள். குளிர்காலத்தில் வருகிற வரித்தலை வாத்தை நினைத்துப் பாருங்கள். மங்கோலியாவிலும் திபெத்திலும் லடாக்கிலும் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி நம் நாங்குநேரிப் பக்கம் வரை வருகிற பறவை அது. பகலில் குளத்தில் கூட்டமாக ஒதுங்கியிருக்கும், இருட்டிய பிறகு வயலில் இறங்கிப் புல்லும் பயிரும் மேயும். இருட்டுதான் அதற்குப் பாதுகாப்பு. அந்த இருட்டைப் பறித்துவிட்டு, ஒளிவெள்ளத்தில் நிற்கும் வளைவைப் படம் பிடித்து இங்கே போட்டு மகிழ்வோமா? கரையில் பாம்பு பயம், பெண்கள் இருட்டில் நடக்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது நியாயம். தெருவுக்குள் தாழ்வாக, கீழ்நோக்கி எரியும் விளக்குகள் போடுவோம், அதற்கு நானும் தருகிறேன். குளத்தைப் பார்த்து எரியும் விளக்குக்கு ஒரு ரூபாய் தரமாட்டேன்.

இன்னொன்றும் சித்தப்பாவுக்கு. முள்மரங்களையெல்லாம் வெட்டிக் குளத்தைச் சுத்தப்படுத்த வேண்டும் என்கிறீர்கள். கால்வாயை அடைக்கிற சீமைக் கருவேலம் வேறு, குளத்துக்குள் கூடு தாங்கி நிற்கிற நாட்டுக் கருவேலம் வேறு. மணிமுத்தாற்றுத் தண்ணீர் தடையில்லாமல் குளத்துக்கு வந்து சேர வேண்டும், அதற்கு மனு எழுதுவோம், எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். ஆனால் குளத்துக்குள் கோடரி இறங்கக் கூடாது. கூடும் குஞ்சும் இருக்கிற இந்த மாதங்களில் அந்தப் பேச்சே வேண்டாம்.

எனக்குத் தெரிந்தவரை சரணாலயம் 129 ஹெக்டேர். அதற்குள் வனத்துறையைக் கேட்காமல் நாம் ஒரு செடிகூட நட முடியாது. நம் கையில் இருப்பது நம் வீட்டுக் கொல்லைகள்தான். இந்தக் குழுவில் இருக்கிற பாதிப் பேரின் வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்தக் கொல்லைகளில் வேம்பும் வாகையும் பூவரசும் நடுவோம். இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஊரில் ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுப்போம். சாவியைத் தர மனமில்லாதவர்கள் சுற்றுச்சுவருக்கு வெளியே ஒரு மரத்துக்காவது இடம் விடட்டும். சித்திரை, வைகாசியில் குளம் வற்றும்போது தாய்ப்பறவைகள் மீனுக்காகத் தொலைவில் உள்ள குளங்களுக்குப் போக வேண்டியிருக்கும். காற்றடித்தால் கூட்டிலிருந்து குஞ்சுகள் விழும். அவற்றை எடுத்து வளர்க்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு. மீன் வாங்கத்தான் பணம் போதாது. வளைவுக்குப் பேசியிருக்கிற தொகையில் எத்தனை கோடைக்கு மீன் வாங்கலாம் என்று அண்ணாச்சியே கணக்குப் போட்டுப் பாருங்கள். வனத்துறை ஊழியர்களிடம் கேட்டு, அவர்கள் வழியாகவே செய்யலாம்.

கணக்கு என்றதும் நினைவு வருகிறது. போன கொடைக்கு அனுப்பிய பணத்தின் வரவு செலவு இன்னும் வரவில்லை. மைக் செட் வாடகை, பந்தல், சமையல் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக ஒரு தாளில் எழுதியிருந்தால் அது கணக்கு ஆகுமா? மிச்சம் எவ்வளவு, யாரிடம் இருக்கிறது? இதை நான் கேட்டபோது, பெண்பிள்ளை பேசுகிற பேச்சா இது என்று ஒருவர் தனிக்கடிதம் போட்டார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை, அவருக்கே தெரியும். சங்கத்தின் முதல் நோட்டுப் புத்தகம் எங்கள் வீட்டு மர அலமாரியில்தான் இருந்தது. ஊதுபத்தி வாங்கிய காசுக்கும் அப்பா ரசீது ஒட்டி வைத்தார். அந்த உரிமையில்தான் கேட்கிறேன், இனியும் கேட்பேன்.

வெள்ளிக்கிழமைக்குள் கொடைக் கணக்கை இந்தக் குழுவிலேயே போடுங்கள். கணக்கு வந்த அன்றே என் 15,000 ரூபாய் மரக்கன்றுக்கும் மீனுக்கும் என்று குறிப்பிட்டு வந்துசேரும். யார் யார் கொல்லைச் சாவி தருவீர்கள் என்று எழுதுங்கள், தம்பி பட்டியல் எடுக்கிறான். எங்கள் வீட்டுச் சாவி அவனிடம் இருக்கிறது, முதல் குழி அங்கே வெட்டுவான்.

தெற்குத் தெரு மச்சானுக்கு மட்டும் ஒரு வார்த்தை. புளியமரம் போய்விட்டது, அதைப் பற்றி நீங்களும் நானும் நேரில் பேசிக்கொள்வோம். உங்கள் பின்கட்டில் மிச்சம் இருக்கிற வேம்பில் குஞ்சுகள் இருப்பதைத் தம்பி பார்த்திருக்கிறான். காம்பவுண்டுச் சுவர் வேலையை ஆடி மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். கொத்தனாரிடம் அவன் பேசிக்கொள்வான், முன்பணம் வீணாகாது.