‘லீஷன்’ என்பதற்கு ‘ஊறு’: கால்நடை நோயியலுக்கு ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

நோயாலோ நஞ்சாலோ அடியாலோ உடலின் திசுவில் ஏற்படும் மாற்றத்தைக் குறிக்கும் ‘லீஷன்’ (lesion) என்பதற்குப் ‘புண்’ என்ற சொல்லே போதும், அது யாவரும் அறிந்த சொல் என்று சென்ற மடலில் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். யாவரும் அறிந்த சொல் என்பதே இங்கு இடர்ப்பாடு என நான் கருதுவதற்கு என் பணிக்கால நிகழ்வு ஒன்று காரணம்.

கோமாரி பரவியிருந்த ஒரு பருவத்தில், வாயிலும் குளம்பிலும் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் திடீரென இறந்த இளங்கன்று ஒன்றைப் பிரேதப் பரிசோதனை செய்தேன். இதயத் தசையில் வெளிறிய மஞ்சள் கோடுகள் வரிவரியாக இருந்தன. ‘புலி இதயம்’ என்று நோயியலில் பெயர் பெற்றது இதுதான். கோமாரி வைரஸ் இதயத் தசை இழைகளைக் கொன்ற இடங்களே அக்கோடுகள். கன்றை வளர்த்தவரிடம் “இதயத்தில் புண்” என்றேன். “கம்பி எதையாச்சும் முழுங்கிடுச்சுங்களா?” என்று அவர் கேட்டார். மாடு விழுங்கிய கம்பி வயிற்றைத் துளைத்து இதயம் வரை செல்வதுண்டு என்பதை அறிந்தவர் அவர். புண் என்றால் ஏதோ ஒன்று குத்தியோ கிழித்தோ திறந்த இடம் என்றுதான் தமிழ் பேசுவோர் பொருள் கொள்வார்கள். அந்த இதயத்தில் திறந்த இடம் எதுவும் இல்லை.

‘சிதைவு’ என்பது இதைவிடப் பொருத்தமாகத் தோன்றலாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் இறந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சை நச்சே காரணம் என்று கண்டறியப்பட்டது. அஃப்ளாடாக்சின் என்று நாம் இன்று அஞ்சுவது அதைத்தான். அக்குஞ்சுகளின் ஈரலில் உயிரணுக்கள் இறந்திருந்ததோடு, பித்த நாளங்களின் உயிரணுக்கள் பெருகியும் இருந்தன. முன்னதைச் சிதைவு எனலாம், பின்னதை எப்படிச் சிதைவு என்பது? பெருகுவதும், சுருங்குவதும், படிவதும், இறப்பதும் ஆகிய அனைத்தையும் ஒரே சொல்லால் குறிக்க வேண்டியிருப்பதால்தான் இந்தக் கலைச்சொல்லே தேவைப்படுகிறது. தவிர, இறந்த உடல் தன் நொதிகளாலேயே கரைவதற்குத் ‘தற்சிதைவு’ என்று நாம் ஏற்கெனவே பெயரிட்டுவிட்டோம்.

இலங்கை நண்பர் முன்வைத்த ‘நோய்த்தடம்’ அழகான சொல். சில நாள்கள் அதையே ஏற்றுக்கொள்ளும் மனநிலையில் இருந்தேன். ஆனால் இறந்து நம் வெயிலில் ஆறு மணி நேரம் கிடந்த மாட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பித்தப்பை தொட்டிருந்த இடத்தில் ஈரல் மஞ்சளாகியிருக்கும், குடல் தொட்டிருந்த இடம் பச்சை கலந்த கருமையாகியிருக்கும். இவையும் தடங்களே, ஆனால் நோயின் தடங்கள் அல்ல. அதற்காக ‘நோய்’ என்ற முன்னொட்டை வலியுறுத்தினால் நச்சாலும் அடியாலும் விளைந்தவை வெளியே நின்றுவிடும். அதை நீக்கினாலோ அழுகல் உள்ளே வந்துவிடும். உயிரோடிருந்தபோது நேர்ந்தது எது, இறந்த பின் வந்தது எது என்று பிரித்தறிவதுதான் நோயியலரின் முதல் வேலை. அந்த வேறுபாட்டைச் சொல்லே தாங்கி நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே ‘ஊறு’ என்பதை முன்மொழிகிறேன். உறுதல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் இது, உற்றது ஊறு. உயிருள்ள திசுவுக்குத்தான் ஒன்று ‘உறும்’. நோயால் உற்றதா நஞ்சால் உற்றதா என்று அது முன்கூட்டியே தீர்ப்புச் சொல்வதில்லை. ‘இடையூறு’ என்பதை அன்றாடம் எழுதுகிறவர்களுக்கு இது அயலானதும் அன்று. திசு என்போரும் இழையம் என்போரும் தத்தம் சொல்லோடு இதை எளிதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கூட்டுச்சொற்களிலும் இது வளைந்து கொடுக்கிறது. டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி ஊசி போடப்பட்ட மாடுகளின் இறைச்சியைத் தின்ற பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) சிறுநீரகம் பழுதடைந்து இறந்தன என்பதைப் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் வெளிப்படுத்தியது. இந்தியா 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. அப்பறவைகளின் இதயத்தின் மீதும் ஈரலின் மீதும் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. கண்ணைக் கவர்வது அந்த வெண்படிவே என்றாலும், அது ‘வழியூறு’. சிறுநீரக நுண்குழல்களின் இறப்பே ‘முதலூறு’. இவ்விரண்டு சொற்களும் இருந்தால் ஒரு மாணவர் காரணத்தையும் விளைவையும் குழப்பிக்கொள்ள மாட்டார். (பாறு என்ற பழஞ்சொல்லே மோயாற்றுப் பள்ளத்தாக்கின் பாதுகாப்புப் பணிகளால் மீண்டும் நம் வழக்கில் கலந்துவருவது எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது.)

இதற்கு எழக்கூடிய தடைகளையும் நானே சொல்லிவிடுகிறேன். ஐம்புலன்களில் தொடுவுணர்வுக்கு ஊறு என்ற பெயர் உண்டு. நோயியல் அறிக்கையில் அது குறுக்கிடாது என்பதால் அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. நீர் ஊறுதல் என்னும் வினைதான் உண்மையான சிக்கல். மேலே சொன்ன, இறந்த பின் பித்தம் ஈரலில் பரவுவதை ‘பித்தம் ஊறியுள்ளது’ என்று எழுதத்தான் எவருக்கும் கை வரும். அப்போது ஊறு எதுவோ அது அல்லாததற்கு அதே ஒலியுடைய சொல் வந்து நிற்கும். எனவே இறப்புக்குப் பின் படிபவை அனைத்துக்கும் ‘கறை’ என்ற சொல்லை ஒதுக்கலாம் என்று கருதுகிறேன். அப்படியானால் அறிக்கை இவ்வாறு அமையும்: “ஈரலின் வலப்புறத்தில் பித்தக்கறை உள்ளது, ஊறு எதுவும் இல்லை. இதயத் தசையில் வரிவரியான ஊறுகள் காணப்படுகின்றன.”

‘கறை’ குறித்துத் தங்களுக்கு மறுப்பிருந்தால், மாற்றுச் சொல்லோடு எழுதுமாறு வேண்டுகிறேன்.