ரீபெயின்ட்: “சுவடுமாற்றம்” எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பங்குச் சந்தைச் சொற்களைத் தமிழில் சொல்வது பற்றிய பேச்சில் என் பங்கு இது. விலைகளைச் சூத்திரத்தில் இட்டு, வரைபடத்தில் கோடாகவோ அம்பாகவோ காட்டும் இண்டிகேட்டருக்குக் “குறிகாட்டி” என்பதில் இனித் தயக்கம் வேண்டாம். “குறியீடு” என்பதை சென்செக்ஸும் நிஃப்டியும் எடுத்துக்கொண்டுவிட்டன. நாள்காட்டி, திசைகாட்டி வரிசையில் குறிகாட்டி இயல்பாகப் பொருந்துகிறது. நாமே சூத்திரம் எழுதிச் செய்துகொள்வதைச் “சொந்தக் குறிகாட்டி” என்றாலே போதும். “கஸ்டம்” என்பதற்கு வழங்கும் “தனிப்பயன்” என்ற சொல்லை இங்கேயும் இழுத்து வர வேண்டாம்.

ரீபெயின்ட்தான் சிக்கல். கடந்துபோன நாளுக்கு வரைந்துவிட்ட அம்புக்குறியை, புதிய விலை வந்ததும் அழித்து வேறு இடத்தில் வரையும் குறிகாட்டியைப் பற்றிய சொல் அது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கல்லூரிப் புள்ளியியலில் படித்த மையப்படுத்திய நகரும் சராசரியை வைத்து, விரிதாளில் 21 நாள் குறிகாட்டி ஒன்று செய்தேன். ஒரு நாளின் சராசரிக்கு முந்தைய 10 நாள், அந்த நாள், பிந்தைய 10 நாள். கோடு மேலே திரும்பினால் பச்சை அம்பு, கீழே திரும்பினால் சிவப்பு. நிஃப்டியின் பழைய வரைபடத்தில் போட்டுப் பார்த்தபோது பெரிய பள்ளங்களின் அடியிலெல்லாம் பச்சை அம்பு நின்றது. அன்று இரவு தூக்கமே வரவில்லை. ஆனால் கடைசி 10 நாள்களுக்குப் பிந்தைய விலை ஏது? கையிலிருந்த நாள்களை மட்டும் கூட்டிச் சராசரி போட்டுக்கொண்டிருந்தது என் சூத்திரம். செவ்வாய்க்கிழமை தோன்றிய பச்சை அம்பை நம்பிப் பங்கு வாங்கினேன். வெள்ளிக்கிழமை விரிதாளைத் திறந்தால் செவ்வாயில் அம்பே இல்லை.

அந்தச் சராசரி பிழையான முறை அன்று. நடந்து முடிந்த உற்பத்திக் கணக்கின் போக்கை அறிய அது நல்ல கருவி. நாளைய விலையைக் கேட்கும் சூத்திரத்தை இன்றைய முடிவுக்குப் பயன்படுத்தியது என் தவறு.

இனி, ரீபெயின்டுக்கு முன்வைக்கப்படும் தமிழ்ச் சொற்களுக்கு வருகிறேன். “மறுபூச்சு” சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைத்தான் நினைவூட்டுகிறது. “மறுவரைவு” பொருளைத் தொடவில்லை. எந்த வரைபடமும் விலை மாறும்போதெல்லாம் மறுபடி வரையப்படுவதுதான். “பின்திருத்தம்” எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் சந்தையில் “திருத்தம்” என்றால் ஏறிய விலை இறங்குவது. தவிர, திருத்தம் என்றால் பிழை நீங்கியது என்று பொருள். இங்கே நடப்பது பிழை மறைவது.

ஆகவே “சுவடுமாற்றம்”. பதிந்த காலடி இடம் மாறுகிறது என்ற படம் சொல்லிலேயே இருக்கிறது. வினையாகவும் வளைகிறது: “ஜிக்ஜாக் சுவடு மாற்றும்.” ஜிக்ஜாக் என்பது சிறு அசைவுகளை விட்டுவிட்டு, விலையின் பெரிய உச்சங்களையும் பள்ளங்களையும் இணைக்கும் கோடு. 5 சதவீதத் திருப்பத்துக்கு அமைத்த அந்தக் கோட்டில், விலை உச்சத்திலிருந்து அந்த அளவு இறங்கும் வரை, புதிய உச்சம் வரும்போதெல்லாம் கடைசி முனை இடம்பெயர்கிறது அல்லவா, அதுவே இது.

ஒரு வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. விலை ஏற்ற இறக்கத்தின் வலுவை அளக்க வெல்ஸ் வைல்டர் 1978-இல் வெளியிட்ட ஆர்.எஸ்.ஐ. என்ற குறிகாட்டி கூட, வர்த்தகம் முடியும் மாலை 3.30 வரை அன்றைய கேண்டிலில் (ஒரு நாளின் விலைகளைக் காட்டும் மெழுகுவத்தி வடிவக் குறியில்) ஏறி இறங்கும். நாள் முடிந்ததும் அந்த மதிப்பு நின்றுவிடும், பிறகு வரும் விலைகள் அதைத் தொடுவதில்லை. இது சுவடுமாற்றம் ஆகாது. இதற்குத் “தளும்பல்” என்று தனிச்சொல் வைக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், நேர்மையான குறிகாட்டிக்கும் கெட்ட பெயர் வந்துவிடும்.

புதிதாகச் சந்தைக்கு வருபவர்களிடம் பழைய வரைபடப் படத்தைக் காட்டிக் குறிகாட்டி விற்கிறார்கள். “இது சுவடு மாற்றுமா?” என்று தமிழில் கேட்க அவர்களுக்கு ஒரு சொல் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

எதிர்ப்பதத்தில் மட்டும் எனக்கு முடிவு எட்டவில்லை. “சுவடு மாறாக் குறிகாட்டி” செவிக்கு இனிமை. “சுவடு நிலைத்த குறிகாட்டி” புதியவருக்கு எளிது. இலக்கணம் நன்கறிந்தவர்கள் சொல்லுங்கள்.