பயிற்சித் தாளில் நூற்றுக்கு நூறு, பேசச் சொன்னால் மௌனம்: ஆங்கில வகுப்புக்கு யோசனை வேண்டும்

புதுவாத்தியார்:
ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்கும் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்க ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. மொத்தம் 14 பேர். அதில் இரண்டு பேர் என்னையே மடக்கும் அளவுக்குப் பேசுவார்கள், ஐந்தாறு பேருக்கு ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் வியர்த்துவிடும், மற்றவர்கள் நடுவில். காலியிடம் நிரப்பு என்று கொடுத்தால் பிழையில்லாமல் நிரப்பித் தருகிற அதே ஆட்கள், ‘வாட் டிட் யூ டூ யெஸ்டர்டே’ என்று கேட்டால் தரையைப் பார்க்கிறார்கள். தினம் ராத்திரி இரண்டு மணி நேரம் தேடி ஒர்க்ஷீட் இறக்கிக்கொண்டு போகிறேன், பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்தது எங்கே என்பது போல நிமிர்ந்து பார்க்கிறார்கள். நல்ல பாடப்பொருள் எங்கே இலவசமாகக் கிடைக்கும், இவர்களை எப்படிப் பேசவைப்பது? விளையாட்டு என்று ஆரம்பித்தால் ‘நாங்கள் என்ன சின்னப் பிள்ளைகளா’ என்று கோபித்துக்கொள்வார்களோ என்ற பயமும் இருக்கிறது.

சாக்பீஸ்:
தளமெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்த ராத்திரித் தேடலை நிறுத்துங்கள். நானும் ஒரு பீரோ நிறைய ஒர்க்ஷீட் சேர்த்து வைத்தவன்தான், இப்போது பின்பக்கத்தில் கணக்குப் போடுவதற்கு உதவுகிறது. காலியிடத்தை நிரப்ப யாரும் யாரிடமும் வாய் திறக்க வேண்டியதே இல்லை, பிறகு எப்படிப் பேச்சு வரும்? ஒருவருக்குத் தெரிந்த விவரம் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக்கூடாது, கேட்டால்தான் கிடைக்கும் என்று ஆக்கிவிடுங்கள்.

நாளைக்கே ரன்னிங் டிக்டேஷன் செய்து பாருங்கள். எட்டு வரியில் ஒரு சின்னக் கதையை அச்செடுத்து அறைக்கு வெளியே சுவரில் ஒட்டுங்கள். இரண்டிரண்டு பேராகப் பிரியட்டும். ஒருவர் எழுந்து போய்ப் படித்து, மனதில் நிறுத்திக்கொண்டு திரும்பி வந்து சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். நன்றாகப் பேசுகிறவரை எழுத உட்கார வையுங்கள், திணறுகிறவரை நடக்கவிடுங்கள். நாமெல்லாம் முதலில் நேர்மாறாகத்தான் செய்வோம். கதை திணறுகிறவர் கண்ணில் மட்டும்தான் பட்டிருக்கிறது என்பதால் அவர் பேசியே தீரவேண்டும், உட்கார்ந்திருப்பவரோ ‘எழுத்துக்கூட்டிச் சொல்லு’, ‘அவனா அவளா’, ‘மறுபடி போய்ப் பார்’ என்று ஆங்கிலத்தில் நச்சரித்துக்கொண்டே இருப்பார். சின்னப்பிள்ளைத்தனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதற்கு மூச்சு இருக்காது.

அடுத்த வகுப்புக்குப் புதுக் கதை வேண்டாம், அதையே எடுங்கள். இப்போது 4-3-2. கதையை ஒருவரிடம் நாலு நிமிடத்தில் சொல்ல வேண்டும், பிறகு ஆளை மாற்றி அதையே மூன்று நிமிடத்தில், மூன்றாவது ஆளிடம் இரண்டு நிமிடத்தில். என்ன சொல்வது என்பது முதல் தடவையிலேயே தீர்ந்துவிடுவதால் மூளைக்கு எப்படிச் சொல்வது என்ற வேலை மட்டும்தான் பாக்கி, மூன்றாவது சுற்றில் அந்த இழுவையும் தயக்கமும் குறைவதை நீங்களே காதால் கேட்கலாம். எட்டு வரிக் கதைக்கு நாலு நிமிடம் அதிகம் என்று தோன்றினால் 3-2-1 என்று வையுங்கள். நடுவில் புகுந்து திருத்தாதீர்கள், அவ்வளவுதான்.

அரைக்காது:
சாக்பீஸ் சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். பேச்சுக்குத் தாள் வேண்டாம், சரி. காதுக்கு? வாத்தியார் குரலை மட்டும் கேட்டுப் பழகினவர்கள் வெளியே போனால் ஒன்றும் விளங்காமல் நிற்பார்கள்.

புதுவாத்தியாரே, அவர்கள் தரையைப் பார்ப்பது கூச்சத்தால்தான் என்று எப்படித் தெரியும்? சாதாரண வேகத்தில் அந்தக் கேள்வி ‘வாடிஜு டூ’ என்றுதான் காதில் விழும். தாளில் ‘வாட்’, ‘டிட்’, ‘யூ’ மூன்றையும் தெரிந்தவருக்கு ‘வாடிஜு’ என்று ஒரு சொல் தெரியாது. கரும்பலகையில் முழுசாக எழுதி, சேர்ந்து ஒலிக்கும் இடங்களில் அடியில் ஒரு வளைவு போட்டு, மெதுவாக ஒரு தடவை, வேகமாக ஒரு தடவை சொல்லிக் காட்டுங்கள். ஒரு வகுப்பில் இதைச் செய்தபோது ஒரு அம்மா ‘இத்தனை நாளாக அது யாரோ ஒருவர் பெயர் என்று நினைத்தேன்’ என்றார்.

பாடப்பொருள் என்றால், பிரிட்டிஷ் கவுன்சிலின் டீச்சிங் இங்கிலீஷ் தளத்தில் ஆசிரியர்களுக்கான பாடத்திட்டங்கள் இலவசம், அவர்களுடைய லேர்ன் இங்கிலீஷில் மாணவர்களுக்கு நிலைவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த ஏ1 முதல் சி2 வரையான ஆறு நிலைகள் ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட அளவுகோல், எங்கே போனாலும் அதுதான் புழக்கத்தில். பிபிசியின் சிக்ஸ் மினிட் இங்கிலீஷ் எழுத்துவடிவத்தோடு வரும், உங்கள் நடுத்தர ஆட்களுக்குச் சரி. திணறுகிறவர்களுக்கு வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-இல் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்று தொடங்கிய வரிசையின் ஒலிப்பதிவுகள், சுமார் 1,500 சொற்களுக்குள் நிதானமாக வாசிப்பார்கள். ஆறு நிமிடத்தையும் போடாதீர்கள், ஒரு நிமிடம் போதும், எழுத்துவடிவத்தைக் கடைசியில் கொடுங்கள்.

வாசிக்கக் கொடுப்பதென்றால் நிலைவாரியாக எளிமையாக்கிய கதைகள்தான். பால் நேஷன் போன்ற சொல்வள ஆய்வாளர்கள் கணக்குப்படி துணையில்லாமல் புரிந்து படிக்க 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும், அதாவது நூறு சொல்லில் இரண்டுதான் புதுசாக இருக்கலாம். செய்தித்தாளைக் கொடுத்துவிட்டு ‘ஆர்வமே இல்லை’ என்று சொல்வதில் அர்த்தமில்லை.

புதுவாத்தியார்:
இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று ரன்னிங் டிக்டேஷன் வைத்தேன். நாலு மாதமாக ‘யெஸ் சார்’ தாண்டாதவர் ஏழு தடவை சுவருக்கும் நாற்காலிக்கும் நடந்து, ‘நோ, நோ, த டாக், நாட் த டாக்டர்’ என்று கத்தினார். வாடிஜுவும் சொல்லிக் கொடுத்தேன், இப்போது என்னைப் பார்த்தாலே ‘வாடிஜு டூ சார்’ என்கிறார்கள். ஆனால் ‘ஐ டிட் வென்ட்’ மாதிரிப் பிழைகள் கொட்டுகின்றன. திருத்தாமல் விட்டால் அப்படியே படிந்துவிடாதா?

சிவப்புமை:
திருத்துங்கள், ஆனால் அந்த நேரத்தில் வேண்டாம். அவர்கள் பேசும்போது கையில் ஒரு துண்டுத்தாளை வைத்துக்கொண்டு காதில் விழுவதைக் குறித்துக்கொண்டே சுற்றுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் ஆறு வாக்கியங்களைப் பெயர் போடாமல் பலகையில் எழுதுங்கள், அதில் இரண்டு சரியானவையாக இருக்கட்டும். எது சரி, எது தப்பு என்று ஜோடியாகப் பேசி முடிவு செய்யட்டும். அந்தச் சரியான இரண்டில் ஒன்றாவது உங்கள் ‘யெஸ் சார்’ ஆள் சொன்னதாக இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.