மூணு வயசு மார்வாரிக் குதிரை: தினசரிப் பயிற்சியை எந்த வரிசையில் கொண்டுபோவது?

ராயக்கோட்டைக்காரன்

வணக்கம். மார்வாரி கலப்பு, ஆண், இன்னும் காயடிக்கவில்லை. ஆடி மாசம் அந்தியூர்ச் சந்தையில் வாங்கியது. விற்றவர் சொன்ன வயசு மூணு. உயரம் 57 இன்ச். நெஞ்சுச் சுற்று 160 செ.மீ., தோள் முனையிலிருந்து பிட்டம் வரை நீளம் 150 செ.மீ.

இப்போது நடப்பது: காலையில் 10 மீட்டர் அகல வட்டத்தில் 45 நிமிஷம் லஞ்சிங் (நீளக் கயிற்றில் பிடித்து வட்டமாகச் சுற்ற விடுவது), கடிவாளத்தில் கயிறு மாட்டித்தான். பிறகு சேணம் கட்டி நிறுத்தி வைக்கிறோம். வயிற்று வாரை இழுத்தால் முதுகைக் குவிக்கிறது, பின்னங்காலைத் தூக்குகிறது. கடிவாளம் போட்டதும் ஓயாமல் தலையை உதறுகிறது. இடது பக்கம் நன்றாகச் சுற்றும், வலது பக்கம் திரும்பினால் நின்றுவிடும். ஏறப்போகிறவர் எடை 72 கிலோ, சேணம் 8 கிலோ. தரை செம்மண், சரளை அதிகம். தீனி கோ-4 புல், தவிடு, கொள்ளு.

எப்போது ஏறலாம்? ஒரு நாளில் எவ்வளவு வேலை கொடுக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

தளி ரோடு

தம்பி, ஏறுவதைக் கொஞ்சம் தள்ளி வைங்க. முதலில் வாயைத் திறந்து பாருங்க, உங்கள் கேள்வியில் பாதிக்கு அங்கேயே பதில் இருக்கும்.

முன்பல் நடு ஜோடி இரண்டரை வயசில் விழுந்து நிலைப்பல் முளைக்கும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரப் பல் நாலரையில். மேலும் கீழும் நடு ஜோடி மட்டும் பெரிசாக, ஒன்றோடொன்று உரசும் அளவுக்கு வளர்ந்திருந்தால் மூணு வயசு சரி. நடுப் பல்லே இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது என்றால் சந்தையில் சொன்ன வயசில் ஆறு மாசம் கூடுதல். அப்படியானால் இந்த வருஷம் முதுகில் ஆளே வேண்டாம்.

அடுத்து, மேல் கடைவாய்ப் பல்லுக்குச் சற்று முன்னால் சுண்டு விரல் நகம் அளவுக்குச் சின்னப் பல் இருக்கிறதா என்று மருத்துவரை வைத்துப் பாருங்க. அது எல்லாக் குதிரைக்கும் இருக்காது. இருந்தால் கடிவாள இரும்பு அதில் இடிக்கலாம், குதிரை தலையை உதறும். மயக்க ஊசி போட்டு எடுத்துவிடுவார்கள். புண் ஆற பத்து நாள் வாயில் எதுவும் போடக்கூடாது. இதே வயசில் கடைவாய்ப் பாற்பல்லின் மூடியும் கழன்று ஆடிக்கொண்டிருக்கும். அதுவும் வலிதான், முரண்டு இல்லை.

கடிவாள இரும்பு வழுவழுப்பாக, இரண்டு மூட்டு உள்ளதாக இருக்கட்டும். அளவுக்கு ஒரு கயிற்றை வாயில் குறுக்கே கொடுத்து இரண்டு கடைவாயிலும் அடையாளம் போட்டு, அதோடு அரை செ.மீ. கூட்டிக்கொள்ளுங்க. மாட்டினால் வாயோரத்தில் ஒரு சின்னச் சுருக்கம் விழ வேண்டும். மூணு நாலு சுருக்கம் விழுந்தால் பல் தெரிய இளிக்கும் அளவுக்கு இழுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மார்வாரியோடு சேர்த்து முள் கடிவாளமும் தள்ளிவிடுவார்கள். தூக்கிப் போடுங்க. வண்டி, பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் வருஷ வதைத் தடுப்பு விதிகளே முள் வைத்த கடிவாளம் கூடாது என்கின்றன.

இப்போது அந்த 45 நிமிஷம். 10 மீட்டர் வட்டத்தின் சுற்றளவு 31 மீட்டர் சொச்சம். ட்ராட்டில் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவான ஓட்டம்) நொடிக்கு 3 மீட்டர் என்று வைத்தாலும் 45 நிமிஷத்தில் 250 சுற்றுக்கு மேல், எட்டு கிலோமீட்டர், அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்தபடி. முழங்கால் எலும்பின் வளரும் முனை இரண்டரை வயசு வரை மூடாது, முதுகெலும்பு அஞ்சு ஆறு வயசு வரை முற்றாது. முட்டி வீங்கிய பிறகு வட்டத்தைக் குறைத்துப் பயன் இல்லை.

வட்டம் 18 முதல் 20 மீட்டர் அகலம், கயிறு 8 முதல் 10 மீட்டர். கயிறு வாய் இரும்பில் வேண்டாம், மூக்குப் பட்டையில் வளையம் உள்ள லஞ்சிங் ஹால்டரில் போடுங்க. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்காமல் மடிப்பு மடிப்பாகப் பிடிக்க வேண்டும். கையுறை கட்டாயம். பக்கத்துக்கு 5 நிமிஷம், இரண்டு தடவை மாற்றி மாற்றி, மொத்தம் 15-20 நிமிஷத்துக்கு மேல் போகாமல், வாரத்தில் மூணு நாள் போதும்.

வலது பக்கம் நிற்பதற்குப் பெரும்பாலும் நீங்கள் நிற்கும் இடம்தான் காரணம். ஆள் அதன் தோளுக்கு முன்னால் போய்விட்டால் குதிரைக்கு அது "நில்" என்று ஆகிவிடும். வயிற்று வாருக்குச் சற்றுப் பின்னால், பின்னங்காலை நோக்கி உடம்பைத் திருப்பி நில்லுங்க. சாட்டை நுனி குதிகால் உயரத்தில் தரையைப் பார்த்து இருக்கட்டும். நின்றால் அடிக்காமல் முதலில் சொல், பிறகு சாட்டையை ஆட்டுவது, பிறகுதான் லேசாகத் தொடுவது. ஓர் அடி எடுத்து வைத்தாலும் அந்த நொடியே எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். அரை நொடி தாமதமானாலும் எதற்காக விட்டீர்கள் என்று அதற்குத் தெரியாது. சொல்லும் ஒன்றாகவே இருக்கணும். வீட்டில் ஒருவர் "ஹோ" என்றும் இன்னொருவர் "நில்லு" என்றும் சொன்னால் அது இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளாது.

எடைக் கணக்கு: நெஞ்சுச் சுற்று பெருக்கல் நெஞ்சுச் சுற்று பெருக்கல் நீளம், வகுத்தல் 11,880. உங்கள் அளவுக்கு 323 கிலோ வருகிறது. ஏறுபவர், சேணம் எல்லாம் சேர்த்து ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கணும், அதாவது 65 கிலோ. உங்களுடையது 80. முதல் மூணு நாலு மாசத்துக்கு 55 கிலோ ஆள் ஒருவரைப் பிடிங்க.

மத்திகிரி லாயம்

அண்ணன் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். மூணு வயசுக் குதிரைக்கு லஞ்சிங் வாரத்துக்கு இரண்டு தடவையே தாராளம். மிச்ச நாளில் இரட்டைக் கயிறு போட்டுப் பின்னால் நடந்து ஓட்டுங்க. வட்டத்தில் சுற்றும் குதிரை நிற்கவும் போகவும் மட்டுமே படிக்கும். இரட்டைக் கயிற்றில் திரும்பவும், ஆள் கண்ணில் படாமல் முன்னே போகவும், லகான் இழுவைக்குத் தாடையை இளக்கவும் படிக்கும். ஏறின முதல் நாள் தேவைப்படுவது இதெல்லாம்தான்.

ஒவ்வொரு கயிறும் 7-8 மீட்டர். வயிற்றுப் பட்டையின் பக்க வளையம் வழியாகக் கொடுத்து ஹால்டரின் பக்க வளையத்தில் போடுங்க; வாய் ஆறி, இரும்புக்குப் பழகிய பிறகு கடிவாளத்துக்கு மாற்றலாம். ஆள் பின்னங்காலிலிருந்து மூணு மீட்டர் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நடக்கணும். நேர் பின்னால் நடந்தால் உதை எட்டும். உங்கள் பக்கம் மாந்தோப்புக்குப் பஞ்சமே இல்லை. பழைய தோப்புகளில் மரத்துக்கு மரம் 10 மீட்டர் இடைவெளி இருக்கும், அதை வளைந்து வளைந்து கடக்க வைப்பதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் ஆள் ஏறின பிறகு அங்கே போகாதீங்க, தாழ்ந்த கிளை நேராக நெஞ்சில் வாங்கும்.

வயிற்று வார் விஷயம். சேணத்தை இரண்டு வாரம் மறந்துவிட்டு, வெறும் மெத்தைத் துணியும் எலாஸ்டிக் உள்ள பட்டையும் மட்டும் கட்டுங்க. முதல் இறுக்கம் நழுவாத அளவுக்கு. பத்தடி நடத்தி ஒரு ஓட்டை, வட்டத்தில் இரண்டு சுற்று நடந்து இன்னொரு ஓட்டை. ஒரே இழுப்பில் இறுக்கி அப்படியே நிறுத்தி வைப்பதுதான் முதுகைக் குவிக்க வைக்கிறது. குவித்த முதுகோடு முதல் அடி எடுத்து வைத்ததும் துள்ளும். கட்டி முடித்ததும் முழங்கை மடிப்பில் தோல் சுருங்கி மாட்டியிருக்கிறதா என்று முன்னங்காலை ஒரு தடவை முன்னால் இழுத்து விடுங்க.

சேணம் பொருந்துகிறதா என்றும் பாருங்க. மார்வாரிக்குத் திமில் மேடு (கழுத்து முதுகோடு சேரும் இடம்) உயரம், அகலம் குறைவு. அகலச் சட்டச் சேணம் முன்னால் இறங்கி எலும்பில் உட்காரும். ஆள் உட்கார்ந்த நிலையில் மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூணு விரல் நுழையணும். பின் முனை கடைசி விலா எலும்பைத் தாண்டக்கூடாது. 57 இன்ச் குதிரையில் பல சேணங்கள் தாண்டும்.

ஏறும் முறைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பிடிப்பவர், அவர் எப்போதும் ஏறுபவர் இருக்கும் அதே பக்கம். குதிரை மிரண்டால் முன்பக்கம் அவர் பக்கம் திரும்பும், பின்பக்கம் ஆளை விட்டு விலகும். முதலில் பக்கத்தில் நின்று குதிப்பது, பிறகு முதுகில் வயிறு படப் படுத்துப் பத்து நொடியில் இறங்குவது, இரண்டு பக்கமும். காதும் கண்ணும் இளகி, மூச்சு சீரானால்தான் அடுத்த படி. படுத்த நிலையில் நாலு அடி நடத்துங்க. அதற்குப் பிறகே காலைத் தாண்டிப் போட்டு உட்காருவது, பின்பக்கத்தைக் கால் உரசாமல். கழுத்தைச் சுற்றி ஒரு அங்கவடி வார் (கால் வைக்கும் வளையம் தொங்கும் வார்) கட்டி வையுங்க. தடுமாறினால் ஏறுபவர் அதைப் பிடிக்கணும், லகானை இல்லை. ஹெல்மெட் இல்லாமல் இந்த வேலையே வேண்டாம். மரத்தில் கட்டி வைத்து ஏறுவது நம் ஊர்ப் பழக்கம்தான், ஆனால் கயிறு இறுகியதும் குதிரை பின்னால் மல்லாந்து விழும்.

உட்கார்ந்த முதல் இரண்டு வாரம் 10-15 நிமிஷம், நேர்கோட்டில் நடை மட்டும். பிறகு 50, 60 மீட்டர் ட்ராட், நடை, மறுபடி ட்ராட். கேன்டருக்கு (ட்ராட்டைவிட வேகமான ஓட்டம்) அவசரமே இல்லை, வரும்போது லேசான மேட்டில் தானாக வரும். ரேவால் நடைக்காக (மார்வாரிக்குப் பேர்போன, குலுக்கல் குறைந்த நடை) காலைக் கட்டி நடக்க விடச் சொல்லி யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்க. அது பிறப்பில் இருந்தால் தளர்ந்த லகானில் தானே வரும்.

பாலக்கோடு கால்நடை

பயிற்சி பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். எனக்குக் கவலை தீனி.

கோ-4 கறவை மாட்டுக்கு அருமையான புல். குதிரைக்கு அது மட்டுமே கொடுத்தால் சிக்கல். அதில் உள்ள ஆக்ஸலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுக் குடலில் சேரவிடாது. மாட்டின் அசையிரைப்பை நுண்ணுயிர்கள் ஆக்ஸலேட்டைப் பெருமளவு உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. போதாததற்குத் தவிடு. தவிட்டில் பாஸ்பரஸ், சுண்ணாம்பைவிடப் பல மடங்கு. இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவும். வளரும் குதிரையில் இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு வேறு கால் என்று மாறி மாறி நொண்டும், முகத்தெலும்பு இரண்டு பக்கமும் உப்பும். வலது பக்கம் திரும்ப மறுப்பதை நிற்கும் இடத்தின் மேல் மட்டும் போடாமல், நடக்க வைத்து நொண்டலும் பாருங்க.

323 கிலோவுக்கு உலர் கணக்கில் ஆறரை கிலோ நார்த்தீனி வேண்டும். கேழ்வரகுத் தாள், காய்ந்த புல் பெரும்பகுதியாகவும், பச்சைக் குதிரைமசால் 5 கிலோ வரையிலும் வைத்து, கோ-4-ஐப் பாதிக்கும் கீழே கொண்டு வாருங்க. குதிரைமசாலில் சுண்ணாம்பு அதிகம், தவிட்டின் கேட்டை அது ஓரளவு ஈடுகட்டும். தவிடு ஒரு கைப்பிடி போதும். கொள்ளு ஊற வைத்து வேக வைத்து ஒரு கிலோ, வேலை இல்லாத நாளில் அதில் பாதி. ஓய்வு நாளிலும் முழுக் கொள்ளு தின்ற குதிரைதான் மறுநாள் துள்ளும். கல்லுப்பு நாளுக்கு 30 கிராம்.

வாரைக் கட்டினால் சுருங்குவதற்கு வயிற்றுப் புண்ணும் காரணமாகலாம். வெறும் வயிற்றில் ஓட விட்டால் அமிலம் மேலே தெறிக்கும். வேலைக்கு அரை மணி முன்னால் ஒரு கிலோ காய்ந்த புல் கொடுங்க. கொள்ளு மாதிரி அடர்தீனி கொடுத்தால் மட்டும் ஒரு மணிக்கு மேல் இடைவெளி வேண்டும்.

முக்கியமாக ஒன்று: கோழித்தீவனம், மாட்டுத் தீவன மூட்டை பக்கம் குதிரையை விடாதீங்க. மோனென்சின், சலினோமைசின் கலந்த தீவனம் கோழிக்கு மருந்து, குதிரைக்கு இதயத்தைத் தாக்கும் விஷம், கொஞ்சம் போதும். நம் மாவட்டத்தில் கோழிப் பண்ணை மூட்டை கொட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடக்கும், அதனால் சொல்கிறேன். காயடிப்பதாக இருந்தால் ஈ குறைந்த குளிர் மாசத்தில், டெட்டனஸ் ஊசி போட்ட பிறகு.

ராயக்கோட்டைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. பல் பார்த்தேன். நடு ஜோடி உரசுகிறது, பக்கத்து ஜோடி பால்பல்தான். இன்னும் இரண்டு கேள்வி. ஓய்வு நாளில் கட்டியே வைக்கலாமா? வீட்டு முன்னால் கிரானைட் லாரி ஓடிக்கொண்டே இருக்கும், அதற்கு எப்படிப் பழக்குவது?

தளி ரோடு

அப்படியானால் மூணு வயசு சரிதான். கட்டி வைத்தால் அது ஓய்வு இல்லை. அரை ஏக்கர் வேலி போட்ட இடத்தில் அவிழ்த்து விடுங்க. வாரத்துக்கு நாலு நாள் வேலை, ஒரு நாள் கையில் பிடித்து ஊர்ப்பாதை நடை, இரண்டு நாள் சும்மா. கடின வேலை அடுத்தடுத்த நாளில் வேண்டாம். வேலை முடிந்து பத்து நிமிஷம் கழித்துத் தாடைக்கு அடியில் நாடியைப் பிடித்து 15 நொடி எண்ணி நாலால் பெருக்குங்க. 60-க்கு மேல் நின்றால் அன்றைய வேலை அதிகம். சும்மா நிற்கையில் 28 முதல் 44 வரை இருக்கும்.

சரளையில் கல்லைப் பொறுக்கி, மேலே 5 முதல் 8 செ.மீ. மணல் போடுங்க. ஆற்றுப்படுகை மாதிரி ஆழ மணல் கூடாது, தசைநார் இழுத்துக்கொள்ளும். குளம்பு ஆறேழு வாரத்துக்கு ஒரு தடவை சீவணும். தார் ரோட்டுக்குப் போகும் வரை லாடம் தேவையில்லை.

மத்திகிரி லாயம்

லாரிக்கு: முதலில் நிற்கிற டிராக்டர், இஞ்சின் அணைத்து. அது காதைத் திருப்பும் தூரத்தில் நிறுத்தி, தலையைத் தாழ்த்தியதும் திரும்பி வந்துவிடுங்க. நாளுக்கு இரண்டு மூணு மீட்டர் நெருங்கினால் போதும். பிறகு இஞ்சின் ஓடும் டிராக்டர். அதன் பிறகு வண்டி முன்னால் விலகிப் போக, குதிரை பின்தொடரணும். விலகுகிற பொருளைத் துரத்தும்போது பயம் குறையும். எதிரே வருவதும் பின்னால் வருவதும் கடைசிப் பாடம். பழகின வயசான குதிரை கூட இருந்தால் அதை ரோட்டுப் பக்கம் விட்டு இதை உள்பக்கம் நடத்துங்க. தார்ப்பாய் படபடக்கும் காலி லாரிக்குத்தான் அதிகம் மிரளும், சுமை லாரிக்கு அவ்வளவு இல்லை. ஏறி ஓட்டுவது கிளைச் சாலையில் மட்டும், தேசிய நெடுஞ்சாலை வேண்டாம். தை மாசம் எருது விடும் விழா நடக்கும் ஊர் வழியும் வேண்டாம், பறையும் வெடியும் ஒரே நாளில் ஆறு மாசப் பழக்கத்தைக் கெடுத்துவிடும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் புதிதாக எதையும் ஆரம்பிக்காதீங்க. அந்த இரண்டு மூணு ராத்திரியும் கொட்டிலில் வெளிச்சம் போட்டு, பக்கத்தில் துணைக்கு ஒரு மாடோ ஆடோ விட்டு, நிறையக் காய்ந்த புல் வையுங்க. வெடிச் சத்தம் அடங்கி இரண்டு நாள் கழித்து இரட்டைக் கயிற்றிலிருந்தே மறுபடி ஆரம்பிக்கலாம்.